பாப்பா, பி.எஃப். போட்டுட்டானுகளா?

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் சுவரில் ஒரு பெரிய டி.வி. மாட்டியிருக்கிறார்கள். அதில் படம் ஓடாது, பாட்டு ஓடாது. எண்கள் மட்டும் ஓடும். இந்த நிமிடம் எத்தனை பேர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், எந்தச் செய்தியைப் படிக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து படிக்கிறார்கள், எத்தனை வினாடி நின்றுவிட்டு ஓடுகிறார்கள்... எல்லாம் தெரியும். தங்கம் விலை போட்டால் எண் ஏறும். மழை விடுமுறை அறிவிப்பு போட்டால் எகிறும். இந்தக் கட்டுரையை உங்களில் எத்தனை பேர் பாதியில் விட்டுவிட்டுப் போவீர்கள் என்பதுகூட நாளைக் காலை எனக்குத் தெரிந்துவிடும். (போகாதீங்க. பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.)

அலுவலகத்தை விட்டு வெளியே வந்தாலும் எண்கள் விடுவதில்லை. இன்று 4,212 அடி நடந்தேன் என்கிறது போன். ஒரு நாளைக்கு ஆறரை மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று அதுவே குத்தியும் காட்டுகிறது. சாப்பாடு கொண்டுவரும் அண்ணன் எந்த சிக்னலில் நிற்கிறார் என்பது வரை கையில் தெரிகிறது. இத்தனை எண்களுக்கு நடுவில் வாழ்கிற எனக்கு, என் சொந்தப் பணம் பற்றிய ஓர் எண் மட்டும் இரண்டு வருடத்துக்கும் மேலாகத் தெரியாமலே இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நானில்லை. ஸ்மார்ட்போனில் வாட்ஸ்அப்பைத் தவிர வேறெதையும் திறக்காத என் அப்பா.

2024 தீபாவளிக்கு ராஜபாளையம் போயிருந்தேன். எண்ணெய்க் குளியல், இட்லி, கறிக்குழம்பு எல்லாம் முடிந்து கண் சொக்குகிற நேரம். "பாப்பா, அந்த லைஃப் சர்டிஃபிகேட்டைப் போட்டு விட்டுரு" என்று போனோடு வந்து நின்றார் அப்பா.

அப்பா 1988-ல் ஒரு நூற்பாலையில் சேர்ந்தவர். ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட்டில் சைடு பார்த்து, மூன்று ஷிப்டும் மாறி மாறிப் போய், 2019-ல் 58 வயதில் ஓய்வு பெற்றார். மாதம் 2,340 ரூபாய் பென்ஷன் வருகிறது. அது தொடர்ந்து வர வேண்டுமானால் வருடத்துக்கு ஒருமுறை, தான் உயிரோடு இருப்பதை அவர் நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் பேங்க்குக்கு நேரில் போவார். அப்புறம் கைரேகை வைக்கும் மெஷின் வந்தது. முப்பத்தொரு வருடம் நூல் முடிச்சுப் போட்ட விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் 'மறுபடி வையுங்கள், மறுபடி வையுங்கள்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது போனில் முகத்தைக் காட்டினாலே போதும். அதற்குத்தான் நான்.

"கண்ணைச் சிமிட்டுங்கப்பா."

"சிமிட்டுனேனே."

"இப்ப இல்ல, அது கேக்கும்போது."

நான்காவது தடவையில் அப்பா உயிரோடு இருப்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டது. சந்தோஷத்தில் கேட்டார்: "அப்படியே அதுல உன் பி.எஃப். எவ்வளவு இருக்குன்னு பாரு."

"அது வேற ஆப் பா."

"சரி, எவ்வளவு இருக்கு?"

"தெரியலயே. மாசாமாசம் பிடிக்கிறாங்க."

"பிடிக்கிறது தெரியும். போடுறானுகளா?"

பிடிப்பது ஒன்று, போடுவது இன்னொன்று என்பது அன்றைக்கு வரை எனக்குத் தோன்றியதே இல்லை. சம்பளத்தில் பிடித்தால் அது போக வேண்டிய இடத்துக்குத் தானாகப் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். கரன்ட் பில் கட்டினால் மின்வாரியத்துக்குப் போகிற மாதிரி. அப்பா பீரோவைத் திறந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். உள்ளே பிளாஸ்டிக் கவர், கவருக்குள் வருடவாரியாக அடுக்கிய பி.எஃப். சீட்டுகள். மில்லில் வருடத்துக்கு ஒருமுறை கொடுப்பார்களாம். முதல் சீட்டு மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுத்திருந்தது.

"சீட்டு குடுக்கிற அன்னைக்கு டீக்கடையில நாலஞ்சு பேரு உக்காந்து எல்லார் சீட்டையும் ஒண்ணா வச்சுப் பாப்போம். எனக்குக் கணக்கு வராது. யூனியன்காரர் ஒருத்தர் படிச்சுச் சொல்லுவாரு. ஒருத்தனுக்குக் குறைஞ்சிருந்தா எல்லாருக்கும் குறைஞ்சிருக்கும்னு அர்த்தம். மறுநாள் ஆபீஸ்ல போயி நிப்போம்."

அக்கா கல்யாணத்துக்கு அந்தப் பி.எஃப்-பிலிருந்துதான் முன்பணம் எடுத்தார். அந்தப் பணம் அங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் வருடாவருடம் பார்த்திருக்கிறார். நான் போனை எடுத்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, என் முதல் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜர்னலிசம் டிப்ளமோ முடித்து 2022 ஜூன் மாதம் சென்னையில் ஒரு சின்ன டிஜிட்டல் நிறுவனத்தில் சேர்ந்தேன். மொத்தம் 23 பேர். ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 2.4 லட்சம் என்று போட்டிருந்தது. மாதம் இருபதாயிரம் என்று வகுத்துப் பார்த்து, வேளச்சேரியில் அறை பார்த்து, அம்மாவுக்கு மாதம் மூவாயிரம் அனுப்புவதாக வாக்கும் கொடுத்தாகிவிட்டது. முதல் மாதம் வங்கிக் கணக்கில் விழுந்தது 16,400 சொச்சம்.

மீதி எங்கே என்று ஹெச்.ஆரிடம் கேட்டபோதுதான் சி.டி.சி. என்கிற வார்த்தையின் வீரியம் தெரிந்தது. நமக்கு அவர்கள் கொடுக்கும் தொகை அல்ல அது, நம்மால் அவர்களுக்கு ஆகும் செலவு. அதற்குள் கம்பெனி கட்ட வேண்டிய பி.எஃப். இருக்கும். கம்பெனி கட்ட வேண்டிய இ.எஸ்.ஐ. இருக்கும். ஐந்து வருடம் வேலை பார்த்தால் கிடைக்கப்போகிற கிராஜுவிட்டிகூட மாதாமாதம் சம்பளம் மாதிரி அந்தக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். நான் பதினேழு மாதத்தில் கிளம்பிவிட்டேன். அந்த கிராஜுவிட்டியை நான் பார்த்தது ஆஃபர் லெட்டரில் மட்டும்தான்.

அடிப்படைச் சம்பளம் 10,000. அதில் 12 சதவிகிதம், 1,200 ரூபாய் என் பங்கு. கம்பெனியும் அதே 1,200 போட வேண்டும். கம்பெனியின் பங்கு முழுதாக நம் பி.எஃப். கணக்குக்கு வராது. 833 ரூபாய் பென்ஷன் நிதிக்குப் போகும், மீதி 367 நம் கணக்கில் சேரும். அப்பாவுக்கு இப்போது வருகிற பென்ஷன் இந்த மாதிரிச் சேர்ந்த சிறு தொகைதான். மொத்தத்தில் மாதம் 2,400 ரூபாய் என் பெயரில் போய்ச் சேர வேண்டும். இதில் கருணை ஒன்றும் கிடையாது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குச் சட்டப்படி இது கட்டாயம்.

இந்தக் கணக்கெல்லாம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பே ஸ்லிப்பை முதன்முறையாக முழுதாகத் திறந்து பார்த்தபோது புரிந்துகொண்டது. அதற்கு முன் மாதாமாதம் மெயிலில் வரும் அந்த பி.டி.எஃப்-ஐ நான் திறந்ததே இல்லை. திறக்க பாஸ்வேர்டு கேட்கும். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். அதைத் தட்டச் சோம்பல். சம்பளம் விழுந்த எஸ்.எம்.எஸ். வந்ததா, அவ்வளவுதான்.

பி.எஃப். கணக்கைப் பார்க்க யு.ஏ.என். என்கிற 12 இலக்க எண் வேண்டும். எத்தனை கம்பெனி மாறினாலும் ஓர் ஆளுக்கு ஒரே எண்தான். அது பே ஸ்லிப்பிலேயே இருந்தது. அதைச் செயல்படுத்த, ஆதாரில் உள்ளபடி பெயரைக் கேட்டார்கள். இங்கேதான் தமிழ்நாட்டில் பிறந்த ஒவ்வொருவருக்கும் வரும் சோதனை வந்தது. இனிஷியல்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் என் இனிஷியல் முன்னால் இருக்கிறது, புள்ளியோடு. ஆதாரில் பின்னால் இருக்கிறது, புள்ளி இல்லாமல். பான் கார்டில் இனிஷியலுக்கு இடமே இல்லை, அப்பா பெயரே முழுதாக வந்து குந்திக்கொண்டது. அலுவலக அடையாள அட்டையில் இனிஷியல் சுத்தமாகக் காணோம். ஒரே ஆள், நான்கு பெயர்கள். வடக்கே குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து வடிவமைத்த கட்டத்துக்குள், அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தூக்கிச் சுமக்கும் நம்மை அடைப்பது அவ்வளவு சுலபமில்லை. சிரிப்பாக இருக்கிறது, ஆனால் இந்த ஒற்றை எழுத்து பொருந்தாமல் தங்கள் பணத்தையே எடுக்க முடியாமல் அலைகிறவர்கள் உண்டு. என்னை மூன்று முறை திருப்பி அனுப்பியது. நான்காவது முறை புள்ளியை எடுத்து, ஓர் இடைவெளி விட்டு அடித்ததும் திறந்தது.

பாஸ்புக் இரண்டு பகுதியாக இருந்தது. கம்பெனி மாறினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பக்கம். இப்போதைய அலுவலகத்தின் பக்கம் மாதம் தவறாமல் நிறைந்திருந்தது. (ஆசிரியர் படிப்பார் என்பதற்காகச் சொல்லவில்லை. பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.) பழைய கம்பெனிப் பக்கத்தைத் திறந்தேன். 2022 ஜூன், ஜூலை, ஆகஸ்ட்... 2023 ஜனவரி. அதோடு முடிந்தது. கீழே தள்ளிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பக்கத்தை மூடித் திறந்தேன். அப்போதும் ஜனவரிதான்.

நான் அங்கே வேலை பார்த்தது 2023 அக்டோபர் வரை.

ஒன்பது மாதம். என் சம்பளத்தில் மட்டும் பிடித்தது 10,800 ரூபாய். அந்த ஒன்பது மாத பே ஸ்லிப்பையும் வரிசையாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் 'பி.எஃப். 1,200' என்று கழித்திருந்தது. கம்பெனி பங்கையும் சேர்த்தால் 21,600. பெரிய நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு இது ஒரு வார இறுதிச் செலவாக இருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அந்த ஒன்பது மாதத்தில்தான் கல்லூரிக் கடனுக்குத் தவணை கட்ட முடியாமல் தோழியிடம் இரண்டாயிரம் வாங்கினேன். அவளிடம் கை நீட்டிய அதே மாதம், என் 1,200 ரூபாய் யாருடைய கையிலோ இருந்திருக்கிறது.

பணம் கட்டப்பட்டால் நமக்கு எஸ்.எம்.எஸ். வரும். எனக்கும் வந்திருக்கிறது. இன்பாக்ஸில் தேடினால் எட்டு இருந்தன. அதன் பிறகு இல்லை. வருகிற எஸ்.எம்.எஸ்-ஐ யாராவது கவனிக்கலாம். வராமல் போன எஸ்.எம்.எஸ்-ஐ எப்படிக் கவனிப்பது? ஓ.டி.பி., 'உங்களுக்கு ஐந்து லட்சம் கடன் தயார்', நகைக்கடைத் தள்ளுபடி என்று குப்பை கொட்டுகிற அந்தப் பெட்டியை நான் பார்ப்பதே இல்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுகளைத் திரும்ப அடுக்கிக் கவரில் வைத்தார். சிறிது நேரம் கழித்து, "கூட வேல பாத்தவங்களக் கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை. கேட்கிற வழக்கமே இல்லை. என் ஆஃபர் லெட்டரில் ஒரு வரி இருந்தது, சம்பள விவரங்களைச் சக ஊழியர்களிடம் பகிரக் கூடாது என்று. எங்கள் தலைமுறையில் எல்லாருமே இதில் கையெழுத்துப் போட்டிருப்போம். யாருக்குக் காதல் முறிந்தது, யார் அப்பாவுக்கு சுகர் ஏறியது, யார் எந்த மாத்திரை போடுகிறார்கள் என்பதுவரை டீ இடைவெளியில் பேசிய நாங்கள், சம்பளம் எவ்வளவு என்று மட்டும் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. அநாகரிகம் என்று நினைத்தோம். பக்கத்து நாற்காலிக்காரர் என்னைவிட நாலாயிரம் அதிகம் வாங்கினார் என்பது நான் வேலையை விட்ட பிறகுதான் தெரியும்.

அன்று இரவே பழைய நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் ஸ்டிக்கர் மட்டும் விழுகிற குரூப் அது. 'உங்க பி.எஃப். பாஸ்புக்ல கடைசி என்ட்ரி எந்த மாசம்?' அரை மணி நேரம் நீல டிக் மட்டும். அப்புறம் ஒருவர், 'அதை எங்க பார்க்கணும்?' என்றார். இன்னொருவர், 'ஐயோ, பாஸ்வேர்டு மறந்துபோச்சு' என்றார். ராத்திரி பதினொன்றரைக்கு முதல் ஸ்கிரீன்ஷாட் விழுந்தது. 2023 ஜனவரி. பின்னாலேயே இன்னொன்று. ஜனவரி. இன்னொன்று. ஜனவரி. ஆறு பேர் பார்த்தோம், ஆறு பேருக்கும் ஜனவரிதான். டீக்கடைக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அந்தக் கம்பெனி முதலாளியை வில்லனாக வரையச் சொன்னால் எனக்கு வராது. தீபாவளிக்கு எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுப்பார். என் முதல் கட்டுரையை வரி வரியாக உட்கார்ந்து திருத்தியவர் அவர்தான். விளம்பரம் குறைந்துகொண்டே வந்தது எங்களுக்கும் தெரியும். ஏ.சி-யை மதியத்துக்கு மேல்தான் போடுவோம். வாடகைக்கும் சம்பளத்துக்கும் அவர் திண்டாடியிருப்பார், அதை நம்புகிறேன். ஆனால் எங்களிடம் கேட்டிருக்கலாம். 'மூணு மாசம் கஷ்டம், பொறுத்துக்கோங்க' என்றிருந்தால் அதில் பாதிப் பேர் சரி என்றிருப்போம். நான் என்றிருப்பேன். கேட்காமல், பே ஸ்லிப்பில் பிடித்ததாக எழுதிவிட்டு, எடுத்துக்கொண்டார். கம்பெனியின் பங்கைக் கட்டாதது பாக்கி. எங்கள் சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாதது அப்படியில்லை. சட்டம் அதை நம்பிக்கை மோசடி என்றுதான் பார்க்கிறது.

புகார் கொடுப்பது என்று முடிவானதும் குரூப் மறுபடி அமைதியானது. ஊடகத் துறை சின்ன உலகம். நாளைக்கு வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனால், பழைய கம்பெனிக்கு போன் போட்டு 'ஆள் எப்படி?' என்று விசாரிப்பார்கள். இரண்டு பேர், 'நீ கொடு, நாங்க அப்புறம் பார்க்கிறோம்' என்றார்கள். இன்னும் அங்கேயே வேலை பார்க்கும் சீனியர் அண்ணன் தனியாக போன் செய்தார். பத்து வருடத்துக்கு மேல் அனுபவம், வீட்டுக்கடன், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். "கொடும்மா. கொடுக்க வேண்டியதுதான். என் பேரை மட்டும் எங்கயும் சொல்லிடாத." அவருடைய பாஸ்புக் எந்த மாதத்தில் நிற்கிறது என்று கேட்டேன். "நான் பார்க்கலம்மா" என்றார். சற்று நேரம் கழித்து, "பார்த்தா அங்க வேலை பார்க்க முடியாது" என்றார்.

பி.எஃப். அமைப்பின் குறைதீர்ப்பு இணையதளத்தில் பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், பாஸ்புக் மூன்றையும் இணைத்துப் புகாரைப் பதிந்தேன். வீட்டிலிருந்தே பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. பதிவு எண் வந்தது. மனசு கேட்காமல் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் ஒரு நாள் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் ஒரு செக்யூரிட்டி ஐயா, கையில் மூன்று கம்பெனி அடையாள அட்டையோடு. பின்னால் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்து அக்கா, இடுப்பில் குழந்தையோடு. கம்ப்யூட்டரில் எங்கள் கம்பெனியைத் தேடிப் பார்த்த ஊழியர் நிமிர்ந்து சொன்னார்: "ஜனவரிக்கு அப்புறம் கட்டவே இல்லையேம்மா. இந்த கம்பெனி மேல வந்திருக்கிற முதல் புகார் உங்களோடதுதான்."

இருபத்துமூன்று பேர். அதில் பாதிக்கு மேல் பத்திரிகையாளர்கள். விவசாயிகளுக்கு நிலுவைத்தொகை வரவில்லை, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் வரவில்லை என்று தினம் நாலு செய்தி எழுதியவர்கள். 'அதிர்ச்சி', 'பகீர்' என்று தலைப்பு வைத்தவர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அங்கே காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் தெரிந்துகொண்ட சிலவற்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்துக்கான பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கம்பெனி கட்டியாக வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 12 சதவிகித வட்டியும், அதற்கு மேல் அபராதமும் கம்பெனி தலையில். யு.ஏ.என். செயல்பாட்டில் இருந்து ஆதார், பான், பேங்க் விவரம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இணைந்திருந்தால் 99660 44425 என்ற எண்ணுக்குப் பதிவு செய்த செல்போனிலிருந்து மிஸ்டு கால் கொடுக்கலாம். இரண்டு ரிங்கில் அதுவே கட் ஆகும். கடைசியாகப் போட்ட தொகையும் மொத்த இருப்பும் எஸ்.எம்.எஸ்-ல் வரும். காசு கிடையாது, ஆப் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். இணையம் பக்கம் போகாத அம்மா அப்பாக்களுக்கு இது வசதி.

இன்னொன்று, புதிதாக வேலைக்குச் சேரப்போகிறவர்களுக்கு. பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், அந்த நிறுவனம் எந்தெந்த மாதம், எத்தனை ஊழியர்களுக்கு, எவ்வளவு கட்டியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். லாகின்கூட வேண்டாம். இன்டர்வியூவில் 'எங்களைப் பற்றி என்ன தெரியும்?' என்று கேட்பார்கள் இல்லையா, அதற்கு முதல் நாள் இரவு இதைப் பார்த்துவிட்டுப் போகலாம். பையன் வீட்டைப் பற்றித் தெருவில் நாலு பேரிடம் விசாரிக்காமலா பெண் கொடுக்கிறோம்?

மாதம் 27-ம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். அமைப்பு குறைதீர் முகாம் நடத்துகிறது. 'நிதி ஆப்கே நிகட்' என்று பெயர். நிதி உங்கள் அருகில் என்று அர்த்தமாம். அருகில் என்பதையாவது அருகில் இருப்பவருக்குப் புரியும் மொழியில் வைத்திருக்கலாம். அப்புறம், நாமினி பெயரை மறக்காமல் சேருங்கள். வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால் அவர் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இதிலேயே இருக்கிறது. அதற்காகத் தனியாக நம் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை. என் அறைத்தோழிக்கு ஏழு வருட சர்வீஸ், இதைச் சொன்னபோது முதன்முறையாகக் கேள்விப்பட்டாள். அவள் கணக்கில் நாமினி கட்டம் காலியாக இருந்தது. அன்றைக்கே அவள் அம்மா பெயரைச் சேர்த்தோம்.

என் தம்பிக்கு இந்தக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் மதுரையில் பைக்கில் டெலிவரி பார்க்கிறான். சாப்பாட்டுப் பையை முதுகிலிருந்து இறக்காமலே கேட்டான்: "உனக்காவது பிடிச்சிட்டுப் போடல. எனக்குப் பிடிக்கிறதே இல்லையேக்கா, நான் எங்க போய் புகார் குடுக்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொரு வாரம் அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

புகார் கொடுத்து மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஷிப்ட் நடுவில், போனில் அடுத்தடுத்து நான்கு எஸ்.எம்.எஸ். வந்தன. 2023 பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே. சுவரில் டி.வி-யில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அன்று தங்கம் வேறு ஏறியிருந்தது. நான் டி.வி-யைப் பார்க்கவில்லை. பாத்ரூமுக்குப் போய் அப்பாவுக்கு போன் போட்டேன்.

"எத்தனை மாசம் போட்டிருக்கான்?"

"நாலுப்பா."

"மிச்சம் அஞ்சு."

குரூப்பில் மற்ற ஐந்து பேருக்கும் அதே நான்கு மாதம் வந்திருந்தது. புகார் கொடுக்காதவர்களுக்கும்தான். ஒருவர் என் பெயரைப் போட்டுக் கும்பிடும் ஸ்டிக்கர் அனுப்பினார். இன்னொருவர், 'மீதிக்கு நானும் சேர்ந்து புகார் போடறேன்' என்றார். எப்படிப் போடுவது என்று லிங்க் அனுப்பினேன். போட்டுவிட்டார். சீனியர் அண்ணனிடமிருந்து இரவு ஒரு படம் வந்தது. மிஸ்டு கால் கொடுத்து வாங்கிய எஸ்.எம்.எஸ்-ன் ஸ்கிரீன்ஷாட். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான் பார்த்ததும் அதை அழித்துவிட்டார்.

ஐந்து மாதம் இன்னும் பாக்கி. என் பங்கு மட்டும் 6,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 16-ம் தேதி காலையில் அப்பாவிடமிருந்து போன் வருகிறது. சாப்பிட்டியா என்றுகூடக் கேட்பதில்லை. "பாப்பா, போட்டுட்டானுகளா?" புகார் எண்ணை என்னிடம் கேட்டு வாங்கி, ஒரு தாளில் எழுதி, அந்த மஞ்சப்பையில் தன் கடைசிச் சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம். அம்மா சொன்னாள்.